செம்மஞ்சள் மூடி

எனக்குக் கோபம் வருகிற நேரங்களில் பிழை எப்போதும் அடுத்தவரிடம்தான் இருந்திருக்கிறது. இத்தனை வருடக் கலியாண வாழ்க்கையில் ஒரேயொரு முறைதான் இந்த விதி தவறியது. அதை நினைத்தால் இன்றைக்கும் கோபம்தான் வருகிறது. (வெட்கம் வரவேண்டிய இடம் என்று மனைவி சொல்லுகிறாள். சொல்லட்டும்.)

ஓர்ஸ் ஹில்லில் எங்கள் வீட்டு மேல்மாடியில் இரண்டு அறைகள். ஒன்றில் மகள் பரீட்சைக்குப் படித்து அங்கேயே படுப்பாள், மற்றது சும்மா கிடந்தது. அடுத்த வருடம் மகள் கம்பஸுக்குப் போனதும் இரண்டையும் சுற்றுலாப் பயணிகளுக்கு விடவேண்டும் என்று என் மனைவி சாந்தி ஒற்றைக் காலில் நின்றாள். பிள்ளையையும் வளர்த்து என்னையும் சமாளித்தாயிற்று, இனித் தனக்கென்று ஒரு தொழில் வேண்டும் என்றாள். திரைச்சீலைகளைத் தன் கையாலேயே தைத்தாள். ஒரு அதிகாரி வந்து பார்த்துக் கையெழுத்து வைத்தால்தான் பதிவு கிடைக்கும். அறைக்கு ஒரு புகை அலாரம் கட்டாயம் என்றார்கள். மெல்பேர்னில் இருக்கும் அவளுடைய தம்பி குமரன் இரண்டு அலாரங்களை அனுப்பினான். ஏணி வைத்து நானே மேல்தட்டில் பூட்டினேன்.

நான் துறைமுகத்தில் பண்டசாலைப் பொறுப்பாளனாக இருந்தவன். உறை பிரிக்காத சாமான்தான் நல்ல சாமான் என்று பழகிப்போன ஆள். எங்கள் வீட்டு ரீவி ரிமோட் இன்னும் பொலித்தீன் பைக்குள்தான் இருக்கிறது. செற்றியில் இருந்து எழும்பினால் பிளாஸ்ரிக் உறையும் கூடவே எழும்பும். புகை அலாரத்தின் முகத்திலும் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு பிளாஸ்ரிக் மூடி இருந்தது. இந்த உப்புக் காற்றில் இரும்பே துருப்பிடித்து உதிர்கிறது, மூடியை எந்த மடையன் கழற்றுவான் என்று அப்படியே விட்டேன். மாதாமாதம் முதலாந் திகதி வீடு கூட்டுகிற தும்புத்தடியின் நுனியால் பொத்தானை அமத்திப் பார்ப்பேன். கீ என்று கத்தும். பற்றரி மாற்றினேன், ஒட்டடை தட்டினேன். இதைவிட ஒழுங்காக யார் பராமரிப்பார்கள்?

எட்டு மாதம் கழித்து அதிகாரி அம்மா வந்தார். நான் தும்புத்தடியைத் தூக்கினேன்.

"பொத்தானுக்குச் சத்தம் போடும், ஐயா. புகைக்குப் போடுதோ எண்டுதான் நான் பாக்க வேணும்" என்றார்.

சாந்தி ஊதுவத்தி கொளுத்தி வந்தாள். அலாரத்துக்கு நேரே கீழே பிடித்தேன். சத்தமில்லை. நாலு ஊதுவத்தி பிடித்தேன். அப்போதும் சத்தமில்லை. எனக்குக் காது சுடத் தொடங்கியது.

"ஐயா, அந்த மேல இருக்கிற..." என்று அதிகாரி அம்மா தொடங்கினார்.

"மேல எல்லாம் சரியாத்தான் இருக்கு. இந்தப் புகை காணாது."

குசினிக்குள் ஓடிப்போய்ச் சாம்பிராணித் தட்டைக் கொண்டுவந்தேன். சிரட்டைக்கரி, அதன் மேல் தும்பு, அதன் மேல் ஒரு கைப்பிடி சாம்பிராணி. அறை வெள்ளையாகிவிட்டது. அதிகாரி அம்மா எங்கே நிற்கிறார் என்பது இருமலை வைத்துத்தான் தெரிந்தது.

"இஞ்சேருங்கோ, அந்த மூடி..." என்றாள் சாந்தி.

"நீர் கொஞ்சம் பேசாமல் இரும். உம்மட தம்பி அனுப்பின சாமானின்ர லட்சணம் இது."

குமரனுக்கே வீடியோவில் அழைப்பு எடுத்தேன். அவன் ஹலோ சொல்வதற்குள் பழசையெல்லாம் இழுத்து, அவன் கலியாணத்துக்கு என்னைக் கேட்காமல் நாள் வைத்தது வரைக்கும் ஏசினேன். இதற்கிடையில் பக்கத்து வீட்டு நசீர் நானா யன்னலால் புகை வருவதைக் கண்டு, தோட்டத்துக் குழாயை இழுத்துக்கொண்டு தன் மொட்டைமாடிக்கு ஏறி, நேரே அறைக்குள் தண்ணீர் அடித்தார். சாந்தி தைத்த திரைச்சீலைகள் நனைந்தன. அதிகாரி அம்மாவும் நனைந்தார், அவருடைய கோப்பும் நனைந்தது.

"அத்தான், போனை மேல பிடியுங்கோ" என்றான் குமரன். பிடித்தேன். அவன் முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுவந்து பார்த்தான். பிறகு, "அந்த மூடி பெயின்ற் அடிக்கேக்க தூசி போகாமல் போடுறது, அத்தான். பூட்டின உடன கழட்ட வேணும். அது கிடந்தால் புகை எப்பிடி உள்ள போகும்?" என்றான்.

"அதைத்தான் நாங்கள் ரெண்டு பேரும் சொல்ல வந்தனாங்கள்" என்றாள் சாந்தி.

ஏணியில் ஏறி மூடியைப் பிடுங்கி எறிந்தேன். எட்டு மாதம் அடக்கி வைத்திருந்ததை எல்லாம் அலாரம் ஒரே மூச்சில் கத்தியது. பொத்தானை அமத்தினேன், குத்தினேன், கெஞ்சவும் செய்தேன். (அறைக்குள் புகை இருக்கும்வரை அது கத்தத்தான் செய்யும். கோபக்காரனுக்கு அது விளங்குமா?) கடைசியில் கழற்றிக்கொண்டு போய்த் தண்ணீர் வாளிக்குள் அமத்தினேன். வாளிக்குள்ளிருந்தும் கொஞ்ச நேரம் கத்திவிட்டுத்தான் அடங்கியது.

அடங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது. எட்டு மாதமாக என் பிள்ளை, மூக்கைப் பொத்திய காவல்காரனுக்குக் கீழே நித்திரை கொண்டிருக்கிறாள். பொத்திவிட்டவன் நான். அன்றைக்கு என் மீது எனக்கு வந்த கோபத்தைப் போல வேறு யார் மீதும் வந்ததில்லை. ஆனால் வாயைத் திறந்து, "இந்த மூடியில ஏன் பெரிசா எழுதி விடேல்லை?" என்றுதான் கத்தினேன். சாந்தி மூடியை எடுத்துக் காட்டினாள். கழற்றவும் என்று ஆங்கிலத்தில் பெரிதாகத்தான் எழுதியிருந்தது.

அதிகாரி அம்மா சேலைத் தலைப்பைப் பிழிந்தார். "அலாரம் நல்லா வேலை செய்யுது. புதுசு ஒண்டு வாங்கிப் பூட்டுங்கோ, ரெண்டு கிழமையில திரும்ப வாறன்" என்றார். பிறகு சாந்தியிடம், "அண்டைக்கு ஐயாவை எங்கயாவது அனுப்பிவிடுங்கோ" என்றார். என் காதில் விழட்டும் என்றே சொன்னார்.

அவர் திரும்ப வந்த அன்றைக்கு நான் கிளிவெட்டியில் தங்கச்சி வீட்டில் பகல் முழுக்க இருந்தேன். பின்னேரம் சாந்தி போனில், "கையெழுத்து வைச்சிட்டா" என்றாள். அழுகிற குரல். இரண்டு கிழமையாக அவள் எவ்வளவு பயந்துகொண்டு இருந்திருக்கிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது.

இப்போது மாடியில் ஆட்கள் வந்து போகிறார்கள். அலாரங்கள் மூடியில்லாமல் இருக்கின்றன, ஏணியும் தும்புத்தடியும் சாந்தியின் பொறுப்பில். அந்தச் செம்மஞ்சள் மூடியை மகள் எறியவிடவில்லை. கம்பஸ் லீவில் அவள் வந்து நிற்கும்போது வீட்டில் என் குரல் உயர்ந்தால் போதும், அலுமாரியில் இருந்து அதை எடுத்து வந்து என் வழுக்கைத் தலையில் கவிழ்த்து, "இனி ஒண்டும் உள்ள போகாது, அம்மா" என்பாள். எனக்கு வருகிற ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. மூடி அவ்வளவு அளவாகப் பொருந்துகிறது.