லோடு ஆட்டோவில் ஒரு மடக்கு வீடு

பயணம் போகிறவர்கள் ஒரு ரகம், போகாதவர்கள் ஒரு ரகம் என்றுதானே நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்? மூன்றாவதாக ஒரு ரகம் உண்டு: பயணத்துக்குத் தயாராகிறவர்கள். இவர்கள் வாசல்படி தாண்டுவதில்லை. ஆனால் தாண்டுவதற்கு வேண்டிய சாமான், சட்டம், திருகாணி, பசை, அதைப்பற்றிய அபிப்பிராயம் எல்லாம் இவர்களிடம் இருக்கும். போய்விட்டு வந்தவனைப் பார்த்து இவர்களுக்கு ஒரு இளப்பம்கூட உண்டு. பாவம், தயாராகாமல் போய்விட்டானே!

தென்காசி கோமதிசங்கர் அண்ணாச்சி இந்த ரகத்தில் தலைவாழை. ஆயுள் காப்பீட்டு முகவர். நாளைக்கு என்ன நடக்கும் என்று யாருக்குத் தெரியும் என்று ஊரையே பயமுறுத்திப் பிழைத்தவர். நாளைக்கு என்ன நடக்கும் என்பது அவருக்கும் தெரிந்திருக்கவில்லை. ஒருநாள் யூடியூபில் ஒரு வெள்ளைக்காரர் சின்ன வண்டியின் முதுகிலிருந்து நாலு சுவரை நிமிர்த்தி, கூரையைத் தூக்கிப் பொருத்தி, உள்ளே போய்க் காப்பி போட்டுக் குடித்தார். அதைப் பார்த்த மறுவாரம் அண்ணாச்சி வீட்டு வாசலில் ஒரு பழைய லோடு ஆட்டோ நின்றது.

அவர் மனைவி உமா மகேஸ்வரி பள்ளி ஆசிரியை. கல்யாணமான புதிதில் மூணாறு கூட்டிப் போவதாக அண்ணாச்சி கொடுத்த வாக்கை இன்னமும் நம்பிக்கொண்டிருந்த ஒரே ஜீவன். ஆட்டோவைச் சுற்றிப் பார்த்தவர், ஒரு டெண்ட் வாங்கினால் போதாதா என்று மெதுவாகக் கேட்டார்.

"துணியா? குத்தாலத்துக் குரங்கு ஒரே இழுப்புல கிழிச்சிரும்லா. சாரல்ல நனைஞ்சா பூசணம் வேற பிடிச்சிரும். சுவருன்னா சுவரா நிக்கணும், மடக்குனா பாயா மடங்கணும்" என்றார் அண்ணாச்சி.

கூடவே கனமும் இருக்கக் கூடாது. தராசுதான் இந்த இனத்தாரின் சாமி. தெர்மகோல் பலகைக்கு இருபுறமும் மெல்லிய ப்ளைவுட்டை ஒட்டிச் சுவர் செய்தார், ஒட்டியதைத் தராசில் வைத்தார், கனம் என்று பிரித்தார், மறுபடி ஒட்டினார். வீட்டுச் சாமானும் தராசுக்கு வந்தது. எவர்சில்வர் டம்ளர் கனம், பிளாஸ்டிக் போதும். தலையணை இரண்டு எதற்கு, ஒன்றை மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளலாம். எல்லாவற்றையும் நிறுத்தவர் தம் தொப்பையை மட்டும் நிறுக்கவில்லை. அது வண்டிக்குச் சொந்தமான பாகம் என்று விட்டுவிட்டார் போலும்.

எப்போது கிளம்புகிறோம் என்று யார் கேட்டாலும் ஒரே பதில்: இன்னும் ஒரு சின்ன வேலைதான் பாக்கி. அந்தச் சின்ன வேலைக்குள் பள்ளியின் முழு ஆண்டு விடுமுறை முழுதாக முங்கிப்போனது.

ஜூலையில் சாரல் தொடங்கியதும், முதலில் பக்கத்திலிருக்கும் ஐந்தருவிக்குப் போய் ஒரு வெள்ளோட்டம் பார்த்துவிடலாம் என்று முடிவானது. கிளம்புகிற காலையில்தான் ஒரு விஷயம் தெரிந்தது. வீட்டுக்குள் இரண்டு பேர் படுக்கலாம். வண்டியில் ஒருவர்தான் உட்கார முடியும். உமா பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். அவர் போய்ச் சேர்ந்து, டீ குடித்து, அருவியை எட்டிப் பார்த்துவிட்டு வந்து நின்ற பிறகுதான், லோடு ஆட்டோ இருமிக்கொண்டே வந்து சேர்ந்தது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். வண்டி நிறுத்துமிடத்தில் சுவர்கள் எழுந்து கூரை உட்கார்ந்தபோது கூட்டம் கூடிவிட்டது. அண்ணாச்சியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அவர் சுவரை மடக்கும் கீலைப் பற்றி ஒருவருக்கு விளக்கி முடிப்பதற்குள் இன்னொருவர் வந்தார். அவருக்கு முதலிலிருந்து விளக்கினார். எண்ணெய்க் குளியல் இங்கன உண்டா என்று ஒருவர் விசாரித்தார். கட்டணக் கழிப்பறை என்று நினைத்து இரண்டு பெண்கள் வரிசையில் நின்றார்கள். கடை போடுவதென்றால் அனுமதி வாங்க வேண்டும் அண்ணாச்சி என்று ஒரு போலீஸ்காரர் மரியாதையாகச் சொல்லிவிட்டு, அவரும் நின்று கேட்டார்.

உமா குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்தபோது அண்ணாச்சியின் வேட்டியில் ஒரு சொட்டு அருவித் தண்ணீர் இல்லை. நீங்கள் குளிக்கவில்லையா என்றார். இதை யார் பார்த்துக்கொள்வது என்றார் இவர்.

சாரல் பார்த்துக்கொண்டது. ப்ளைவுட் விளிம்புகள் ஊறி உப்பி, கிளம்பும் நேரத்தில் சுவர் மடங்க மறுத்தது. தள்ளினார், உதைத்தார், கெஞ்சினார். விரித்த வீட்டோடு ரோட்டில் போக முடியாது. போலீஸ்காரரின் மரியாதையும் குறையத் தொடங்கியது. கடைசியில் கீல்களைக் கழற்றிச் சுவர்களைத் தனித்தனியாக அடுக்கிக் கயிற்றால் கட்டினார். வழிநெடுக, "வீடு மாத்துதீகளா அண்ணாச்சி?" என்று கேட்டார்கள்.

அன்றைக்கு உமா கோபப்படவில்லை. நனைந்த பலகைகளை இறக்க ஒரு கை கொடுத்தார். பிறகு சொன்னார்:

"இது நம்மளக் கூட்டிட்டுப் போற வண்டி இல்லங்க. நாம கூட்டிட்டுத் திரியுத வண்டி."

காலாண்டு விடுமுறை வந்தது. உடன் வேலை பார்க்கும் சுகந்தி டீச்சர் ஒரு வேன் பேசி, ஆசிரியைகள் குடும்பத்தோடு மூணாறு போக ஏற்பாடு செய்தார். உமா இரண்டு இடம் சொல்லிவைத்தார். அண்ணாச்சி யோசித்தார், நிஜமாகவே யோசித்தார். ஆனால் விளிம்புக்கு அலுமினியப் பட்டை அடிக்கும் வேலை பாதியில் நின்றது. நீ போய்விட்டு வா, அடுத்த தடவை நம்ம வீட்டிலேயே போவோம் என்றார். உமா வற்புறுத்தவில்லை. வேன் கிளம்பும்போது பக்கத்து இருக்கையில் தன் பையை வைத்துக்கொண்டார்.

அங்கே போய்ச் சேர்ந்ததும் போன் செய்தார்.

"இங்கன மேகம் கைக்கு எட்டுத உயரத்துல போகுது. நீங்களும் வந்திருக்கலாம்."

அண்ணாச்சி கையிலிருந்த பட்டையைக் கீழே வைத்துவிட்டு, மடக்கிய சுவரின் மேலேயே உட்கார்ந்தார். எவ்வளவு காலமாகக் காத்திருந்தாள், பக்கத்தில் நானில்லாமல் பார்க்கிறாளே என்று இருந்தது. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். வந்தது வேறு.

"அந்த ரூம் ஜன்னலுக்கு என்ன கீல் போட்டிருக்கான்? ஒரு போட்டோ எடுத்து அனுப்பேன்."

உமா அனுப்பினார். ஜன்னலோரத்தில் அவர் நிற்க, யாரோ எடுத்த படம். பின்னால் மலை, மேகம். கல்யாண ஆல்பத்தில்கூட அவர் அப்படிச் சிரித்ததில்லை. அண்ணாச்சி இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். பெரிதாக்கி, மனைவியின் முகத்தைத் தாண்டி, ஜன்னலின் மூலைக்குப் போனார்.

அட கிறுக்கு மனுஷா என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் சாரலில் சுவர் ஊறிய இடத்தைப் படித்தபோது, 'ப்ளைவுட்டுக்குப் பதில் பிவிசி ஷீட் போட்டிருந்தால் ஊறியிருக்காதே' என்று உங்களுக்குள் ஒரு யோசனை ஓடியதா இல்லையா? ஓடியிருந்தால் இதை இத்தோடு மடக்கி வைத்துவிட்டு, வீட்டில் இருப்பவர்களிடம், நானும் அந்த மூன்றாவது ரகம்தான் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அவர்களாவது வேனுக்குச் சொல்லிவைக்கட்டும்.