மூழ்க மறுத்த சந்தனப் பிள்ளையார்

காஞ்சிபுரம்,
ஆடி 28

மரியாதைக்குரிய மச்சான் மயில்வாகனம் அவர்களுக்கு,

கதிர்வேல் கைகூப்பி எழுதுவது. இங்கு நானும், தங்கள் தங்கை மங்கையர்க்கரசியும், தங்கள் மருமகள் கீர்த்தியும் சுகம். தென்னேரியில் எல்லோரும் சுகமாயிருக்க ஏகாம்பரநாதர் துணை. என் நம்பரைத் தாங்கள் பிளாக் செய்துவிட்டதால் இந்தக் கடிதம்.

கீர்த்தியின் நிச்சயதார்த்தத்துக்குத் தாங்கள் சீராகத் தந்த சந்தனப் பிள்ளையாரை அபிஷேகத்துக்காக அண்டாவில் இறக்கினேன், மிதந்தார், "நெஜ சந்தனம்னா முழுகிடும்பா" என்று பக்கத்துத் தறி ஆதிகேசவன் சொன்னான், என் புத்தி எங்கே போச்சோ, உடனே போன் போட்டு "தாய்மாமன் சீருல போலிச் சாமியா?" என்று கத்திவிட்டேன், தாங்களும் "இனிமே உன் வாசப்படி மிதிச்சா கேளு" என்று வைத்துவிட்டீர்கள். ஆவணி பத்து கல்யாணம். தாய்மாமன் பட்டம் கட்டாமல் பெண் எப்படி மணையில் உட்காருவாள்? தங்கள் தங்கை எனக்குச் சோறு போடுகிறாள், முகம் கொடுப்பதில்லை.

காலேஜில் பிசிக்ஸ் நடத்தும் கீர்த்திதான் நேற்று, "சண்ட போட்டுக்கினே இருக்காம அளந்து பாருப்பா" என்று, பட்டு நிறுக்கும் எலக்ட்ரானிக் தராசின் மேல் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, கணக்கை சைபராக்கினாள். பிள்ளையாரைத் தண்ணீரில் விடுவது வழியனுப்புவதாயிற்றே! தங்கள் தங்கை சூடம் காட்டி, சுண்டல் படைத்து, "போயிட்டு வா சாமி" என்று அழுதாள். சாமி போகவில்லை. தலைகீழாக விட்டாலும் புரண்டு நிமிர்ந்து சம்மணம் போட்டு மிதந்தார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது மச்சான்.

தராசில் 270. "அது சாமியோட எடை. இப்ப முழுசா அமுக்கணும்" என்றாள். நான் பக்தியோடு உள்ளங்கையால் அமுக்கினேன், 360! சந்தனம் என்றால் தண்ணீரில் பத்துக்கு ஒன்பது பங்கு எடை வரணுமாம், கணக்குப் போட்டால் முக்கால்தான் வந்தது. போச்சுடா, போலிதான் என்று உட்கார்ந்துவிட்டேன். "அப்பா, உன் கையையும் சேத்து அளந்துக்கினு இருக்கியே!" என்று தலையிலடித்துக்கொண்டு, ஊசி முனையால் மெல்ல அமுக்கினாள். 300. "முந்நூறு கிராம் தண்ணி நிக்கிற எடத்துல எரநூத்தி எழுபது கிராம் சாமி. தண்ணி ஒண்ணுன்னா இவரு பாயிண்ட் ஒம்போது. சந்தனம் இப்டித்தான் வரும், மெதக்கவும் மெதக்கும்" என்றாள்.

சீவவில்லை, சுரண்டவில்லை, கொளுத்தி மோந்து பார்க்கவில்லை. ஒரு பாத்திரம் தண்ணீர், வாய் திறந்து சாட்சி சொல்லிவிட்டது! இத்தனை வருஷம் இதே தராசில் பட்டு நிறுத்தவன் நான், எனக்குத் தெரியலையே. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பொழுது சாய்வதற்குள் கத்தரிக்காய், மெழுகுவத்தி, ஆதிகேசவன் செருப்பு வரைக்கும் அளந்து தீர்த்துவிட்டோம்.

நான் பேசினது தப்பு மச்சான். உங்க கால்ல விழறேன். வந்து பட்டம் கட்டுங்க. அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி.

தங்கள்,
கதிர்வேல்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போனபோது, வெயிலில் காயவைத்த பிள்ளையாரின் அடியில் மெழுகு உருகி, கட்டைவிரல் அளவு ஈயத்துண்டு ஒன்று விழுந்தது. 110 கிராம். மிச்சம் ஏதோ லேசான மரம். தண்ணீரில் விட்டால் இப்போது ஒருக்களித்துப் படுத்துக்கொள்கிறார். கடைக்காரன் தங்களை ஏமாற்றிவிட்டான். வீட்டில் யாரும் பார்க்கவில்லை. ஈயத்தை உள்ளே வைத்து, மெழுகு உருக்கி அடைத்து, மறுபடி அளந்தேன்: பாயிண்ட் ஒன்பதேதான். அவசியம் வாருங்கள். பிள்ளையாரை இனி யாரும் வெயிலில் வைக்காமல் பார்த்துக்கொள்வது நம் இருவர் பொறுப்பு.