பவளத்துக்கு வாங்கின விளக்கு

ஜூலை மாதக் குளிரில், ஆக்லாந்தின் பாட்டனி டவுன்ஸில், பல் தேய்த்துக்கொண்டே பழனிவேல் ஒரு சபதம் செய்தார். வாய் நிறைய நுரை. அதனால் அது யாருக்கும் கேட்கவில்லை. மனைவி பூங்கோதைக்குக் கேட்டிருந்தால் அங்கேயே விஷயம் முடிந்திருக்கும்.

சபதம் இதுதான்: எப்பாடு பட்டாவது அந்தப் பவளத்தைக் காப்பாற்றியே தீருவது!

பவளம் என்றதும் மோதிரத்தில் பதிக்கிற சமாச்சாரம் என்று நினைத்துவிடாதீர்கள். இது உயிருள்ள பவளம். ஹாலில் இருந்த கடல்நீர்த் தொட்டியில், கட்டைவிரல் அகலக் கல்லில் ஒட்டிக்கொண்டிருந்த எட்டுப் பச்சைப் பொத்தான்கள். கொடுத்தவர் பக்கத்துத் தெரு யசீகரன், யாழ்ப்பாணத்துக்காரர். அவர் வீட்டுத் தொட்டியில் ஒரு குட்டிச் சமுத்திரமே குடியிருக்கிறது. பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற அப்பா மாதிரி கண்டிஷன் போட்டுத்தான் கொடுத்தார்.

"அண்ணை, உங்கட லைட் சரியில்லை. நல்லது ஒண்டு வாங்கிப் போடுங்கோ. ரெண்டு மாதத்தால வந்து பாப்பன். நிறம் மங்கிச்சுதெண்டால் திருப்பிக் கொண்டு போயிடுவன். பிறகு கோவிக்கக் கூடாது."

"மங்குறதா? என் வீட்லயா? என்ன பேசுறீங்க!" என்று மார்தட்டினார் பழனிவேல். பத்தே நாளில் பச்சை, காப்பிப்பொடி நிறத்துக்கு வந்துவிட்டது.

பழனிவேலின் மனுகாவ் ஆபீசில் சாப்பாட்டு நேரமெல்லாம் விளக்கு ஆராய்ச்சி நடந்தது. பவளத்துக்கு வேண்டியது நீல வெளிச்சம். அதை வைத்துத்தான் அது வயிறு வளர்க்கிறது. பெரிய கம்பெனி விளக்கின் விலையைப் பார்த்தார். இன்னொரு மார்ட்கேஜ் எடுக்க வேண்டும். ஹார்டுவேர் கடை விளக்கு கொள்ளை மலிவு. ஆனால் வெறும் வெள்ளை. அது திருடனைப் பிடிக்க உதவும், பவளத்துக்கு உதவாது. கடைசியில் எப்சமில் ஒருவர் பழைய எல்இடி விளக்கு விற்கிறார் என்று தெரிந்தது. நீலம் தனி, வெள்ளை தனி, இரண்டையும் போனிலிருந்தே கூட்டலாம், குறைக்கலாம். விலை முந்நூறு டாலர்.

விளக்கு கிடைத்துவிட்டது. அனுமதி? 'தொட்டிக்கு' என்று ஆரம்பிக்கிற எந்த வாக்கியத்தையும் பூங்கோதை முடிக்க விட்டதில்லை. உப்புக்கு ஒரு சண்டை, பம்புக்கு ஒரு சண்டை, ஹீட்டருக்கு மூன்று சண்டை ஏற்கெனவே நடந்திருந்தது.

அப்போதுதான் ஜன்னலோரத்துக் கருவேப்பிலைச் செடி அவர் கண்ணில் பட்டது. ஆக்லாந்தில் அதை வளர்ப்பது லேசுப்பட்ட காரியமா? குளிர் வந்தால் இலையெல்லாம் கொட்டிவிடும். பூங்கோதைக்கோ அது உயிர். அந்த வீட்டில் விருந்தாளி நாலு தோசை கூடக் கேட்கலாம், கருவேப்பிலை கேட்கக் கூடாது. ரசத்தில் போட்ட ஒற்றை இலையைத் தட்டில் ஒதுக்கி வைத்துவிட்டு யாரும் அவள் முன்னால் எழுந்துவிட முடியாது.

"கோதை, உன் செடியப் பாத்தியா? வெறும் குச்சியாயிடுச்சு. பாவம்."

"அதுக்கு?"

"வெளிச்சம் பத்தல. ஒரு எல்இடி லைட் போட்டா தளதளன்னு வந்துடும். எப்சம்ல ஒருத்தர் முந்நூறுக்குத் தராரு."

"செடிக்கா?"

"செடிக்குத்தான்! வேற யாருக்கு?"

பூங்கோதை அவரை மேலும் கீழும் பார்த்தாள். "செடிக்குன்னா சரி. வாங்கிட்டு வாங்க."

பழனிவேலுக்குத் தலைகால் புரியவில்லை. பதினெட்டு வருஷத் தாம்பத்தியத்தில் ஜெயித்த முதல் சண்டை! தொட்டிக்கு மேலே மாட்டிவிட்டு, ஓரத்தில் சிந்துகிற வெளிச்சத்தைச் செடிக்குக் கொடுத்துவிடலாம் என்பது திட்டம். எப்சம்காரர் விளக்கைக் கொடுக்கும்போது அவர் பின்னால் அவர் மனைவி, சனியன் ஒழிந்தது என்பதுபோல், கைகட்டிக்கொண்டு நின்றாள். அதைப் பார்த்தாவது பழனிவேல் சுதாரித்திருக்கலாம். சுதாரிக்கவில்லை. பெட்டியில் பெரிதாக மீன் படம் இருந்தது. வழியில் காரை நிறுத்தி, சாவியால் அதைச் சுரண்டி எடுத்தார்.

"தொட்டிக்கு மேல மாட்டிடறேன். அங்கதான் ப்ளக் இருக்கு" என்றார்.

"மாட்டுங்க. செடிய அதுக்குப் பக்கத்துல வெச்சுடறேன். தொட்டி ஹீட்டர் சூடும் கெடைக்கும். ஆமா, இத எப்படிப் போடறது?"

"போன்ல. ஒரு போன்லதான் வேலை செய்யும். என் போன்ல..."

"செடி யாரோடது?"

"உன்னோடது."

"அப்ப லைட்டும் என் போன்லதான இருக்கணும்?"

மறுக்க முடியுமா? விளக்கு பூங்கோதையின் போனுக்குப் போயிற்று. ஹால் முழுக்க நீலம் பரவியது.

"அய்ய, என்னங்க இது, பேய் வீடு மாதிரி!" நீலத்தை அடியோடு குறைத்து, வெள்ளையை உச்சிக்கு ஏற்றினாள்.

"நீலம் கொஞ்சம் இருக்கட்டுமே..."

"செடிக்கு நீலம் எதுக்கு?"

சொன்னால் குட்டு உடைந்துவிடும்.

ஆனால் சபதம் சபதம்தானே? பழனிவேல் விடவில்லை. தினமும் காலையில் செடித்தொட்டியை யாருக்கும் தெரியாமல் ஒரு விரற்கடை ஜன்னல் பக்கம் நகர்த்தினார். சாயங்காலம் வந்து பார்த்தால் அது இரண்டு விரற்கடை மீன்தொட்டிப் பக்கம் நகர்ந்திருக்கும். இவர் நகர்த்த, அது திரும்பிவர, ஐந்தாவது வாரம் கருவேப்பிலை கிளை விரித்துப் பவளத்தின் தலைக்குமேல் குடை பிடித்தது. வெள்ளை வெளிச்சத்தில் கண்ணாடியெல்லாம் பாசி. பொத்தான்கள் எட்டும் இறுக மூடிக்கொண்டன.

சொன்ன தவணைக்கு யசீகரன் வந்துவிட்டார். தொட்டியைக் குனிந்து பார்த்தார்.

"என்ன அண்ணை, இது கோரலோ, களிமண்ணோ?" நிமிர்ந்தவர் அப்படியே நின்றுவிட்டார். "கடவுளே! கறிவேப்பிலையோ? இந்தக் குளிருக்கையோ? என்ர மனுசி கண்டாளெண்டால் அழுதுடுவாள்!"

பூங்கோதை கத்தரிக்கோலை எடுத்துவந்து சரக்சரக்கென்று ஒரு பெரிய கொத்தை வெட்டினாள். "இந்தாங்க தம்பி. அப்படியே அந்தக் கல்லையும் எடுத்துட்டுப் போங்க. உங்க வீட்லயாவது பொழைக்கட்டும்."

"ஓம் அக்கா. அதுதான் நல்லது."

பழனிவேலுக்குப் பொறுக்கவில்லை. "கோதை! அது என் பவளத்துக்கு வாங்கின லைட்டு!"

"தெரியுமே" என்றாள் பூங்கோதை.

சமையலறை டிராயரிலிருந்து ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்து நீட்டினாள். விளக்கோடு வந்த புத்தகம். பக்கத்துக்குப் பக்கம் மீனும் பவளமும் சிரித்தன.

"பெட்டி மேல இருந்த படத்தச் சுரண்டினீங்க. உள்ள இருந்த புத்தகத்த மறந்துட்டீங்க."

"அப்பவே கேக்க வேண்டியதுதான?"

"கேட்டா லைட்டத் திருப்பிக் குடுத்திருப்பீங்க. என் செடி செத்திருக்கும்."

"நல்ல லைட் போட்டுட்டு வாங்கோ அண்ணை, திருப்பித் தாறன்" என்று கல்லை ஒரு டப்பாத் தண்ணீரில் போட்டுக்கொண்டு யசீகரன் நழுவினார். இந்தச் சண்டைக்கு நடுவில் நிற்க அவருக்கு என்ன தலையெழுத்தா?

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் பழனிவேல் யசீகரன் வீட்டுக்குப் போய்ப் பவளத்தைப் பார்த்துவிட்டு வந்தார். மூன்றாவது ஞாயிறு ஒரு பொத்தான் பச்சையாகத் திறந்திருந்தது. கண் கலங்கிவிட்டது மனுஷனுக்கு. மறுநாள் காலை, இந்தமுறை வாயைக் கொப்பளித்துவிட்டு, புதுச் சபதம் செய்தார்: பவளம் வீடு திரும்பியே தீரும். அதுவும் பொய் சொல்லாமல்! நேராகச் சமையலறைக்குப் போனார்.

"கோதை, தொட்டிக்கு இன்னொரு லைட் வாங்கணும். செடிக்கு இல்ல. என் பவளத்துக்கு. உண்மையத்தான் சொல்றேன்."

பூங்கோதை அடுப்பிலிருந்து திரும்பிச் சிரித்தாள். அவ்வளவு அன்பான சிரிப்பை அவர் பார்த்துப் பல வருஷம் ஆயிற்று.

"இத மொதல்லயே சொல்லியிருந்தா எப்பவோ சரின்னிருப்பேனே! தாராளமா வாங்குங்க."

"நிஜமாவா?"

"நிஜமாத்தான். கொஞ்சம் பெருசாவே பாத்து வாங்குங்க. முருங்கை வெத போட்டிருக்கேன்."