ஆறு அம்புக்கு ஒரு தோல்பை

இந்த வருஷம் வில் வேட்டையின் முதல் விடியலில் பரணில் உட்காரப்போவது நான்தான், என் மனைவி ஐலி அல்ல. இந்தத் தீர்மானத்தை எடுத்தபோது ஐலி வீட்டில் இல்லை. என் தீர்மானங்களெல்லாம் அப்படித்தான். ஆளில்லாத நேரத்தில் மிக உறுதியாக இருக்கும்.

எங்கள் மேப்பிள் காட்டில் மரத்தின்மேல் கட்டிய பரண் ஒன்றுதான். வேட்டைக்காரர் இரண்டு பேர். போன வருஷம் என் அம்பு முனை வண்டி இருக்கையைக் கிழித்ததிலிருந்து வீட்டில் ஒரு சட்டம்: உறை போடாத அம்பு வண்டியில் ஏறக்கூடாது. இரண்டு பேரிடமும் உறை இல்லை. பாதி மிச்சிகன் முந்திக்கொண்டதால் கடையிலும் இல்லை. நான் மட்டும் ரகசியமாக ஆறு தைத்துவிட்டால்? பரண் எனக்கு.

தோல் தேடினேன். என் பழைய பூட்ஸ் கத்தரிக்கோலையே கடித்தது. அலமாரியின் அடியில் பழுப்பாக ஒரு கைப்பை கிடந்தது. வார் அறுந்திருந்தது. முகர்ந்து பார்த்தேன். சென்ட் வாசனை துளிகூட இல்லை, தேவதாரு இலை வாசனைதான். மனித வாசனை பட்டாலே ஓடும் மானின் மூக்குக்கென்றே செய்த பை. அதிர்ஷ்டம் என்று நினைத்தேன். யோசித்திருக்க வேண்டும்.

காகித ஆலையில் இரவு வேலை முடிந்து வந்து, மூன்று நாள் காலையில் உட்கார்ந்தேன். வெட்டினேன், வெந்நீரில் ஊறவைத்தேன், முனைமேல் மடித்துத் துணிக் கிளிப் மாட்டிக் காயவிட்டேன், மெழுகு நூலால் தைத்தேன். ஆறாவது முடிச்சைப் போடும்போது ஐலி வாசலில் நின்றாள். எல்லாவற்றையும் மடியில் அமுக்கிக்கொண்டேன். உள்ளே முனைகள் இருப்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. நல்ல உறைகள், குத்தவில்லை.

"ரெய்னோ, அலமாரி அடியில ஒரு பழுப்புப் பை இருந்துச்சே, பார்த்தியா?"

"எந்தப் பழுப்பு?"

"பழுப்புல எத்தனை பழுப்பு இருக்கு? தோல்பை."

"பழசா?"

"ஞாயித்துக்கிழமை அம்மா வர்றாங்க. அவங்க எங்க போனாலும் கையில ஒரு பழுப்புப் பை இருக்கும், தெரியும்ல?"

தெரியும். என் மாமியார் ஹில்மா மருந்து, ஜெபப் புத்தகம், என்மீதான புகார்கள் எல்லாவற்றையும் அதில்தான் வைத்திருப்பார். இரண்டு நாள் தூக்கம் போயிற்று. காபியில் உப்பைப் போட்டுக் குடித்தேன், வித்தியாசம் தெரியவில்லை. ஊரில் எல்லாருக்கும் சவுனா என்கிற வெந்நீராவி அறைக்குள் போனால் வியர்க்கும். எனக்கு ஐலி அலமாரியைத் திறந்தாலே வியர்த்தது.

சனிக்கிழமை சரணடைந்தேன்.

"ஐலி, முதல் நாள் பரண்ல நீயே உக்காரு."

"உடம்பு சரியில்லையா உனக்கு?"

"உனக்குத்தான் பொறுமை ஜாஸ்தி."

"உறை இல்லாம எப்படிப் போறது?"

"நான் தச்சு வச்சிருக்கேன். எடுத்துக்க."

"எத்தனை?"

"ஆறு. ஆறும் உனக்குத்தான். உங்கம்மாகிட்ட மட்டும்..."

"பையைப் பத்தியா? நான் பேசிக்கறேன். நீ கலங்காத."

இப்படி ஒரு மனைவியா என்று கண் கலங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மாமியார் வந்து இறங்கினார். கையில் பழுப்புப் பை. முழுசாக, வாரோடு.

ஐலியை அடுப்படிக்கு இழுத்துப் போனேன். "அப்போ நான் வெட்டினது யாரோடது?"

"சர்ச்ல பழைய சாமான் வித்தாங்களே, அதுல எடுத்தது. சென்ட் நாத்தம் தாங்கல. ஒரு வாரம் தேவதாரு இலைக்குள்ள புதைச்சு வச்சு எடுத்தேன்."

"எதுக்கு?"

"மான் வர்ற வழியில நீ எதுக்கு ஆப்பிள் கொட்டற?"

"நீயே தச்சிருக்கலாமே."

"எனக்குத் தையல் வராது, ரெய்னோ. உனக்கு அழகா வருது."

முதல் நாள் விடிந்தபோது ஐலி பரணில் இருந்தாள். நான் மாமியார் மேற்பார்வையில் உருளைக்கிழங்கு நறுக்கி, விரலையும் சேர்த்து நறுக்கிக்கொண்டேன். கட்டுப் போட்டுக்கொண்டே அவர் சொன்னார்:

"அந்தக் கத்திக்கும் ஒரு உறை தச்சுடு, ரெய்னோ. அலமாரியில ஐலி இன்னொரு பை வச்சிருக்கா."