இரண்டு கண்டெய்னரும் ஒரு கணவரும்

வேலை போன நூற்றுப் பதினோராம் நாள் காலையில், பல் துலக்கிக்கொண்டிருக்கும்போதே அவர் முடிவு செய்துவிட்டார். இனி இந்த வீட்டில் தான் இல்லாமல் ஒரு துரும்பும் அசையக் கூடாது.

இருபத்தாறு வருஷம் ஒரு கம்பெனியின் சர்வர் அறையைக் கட்டிக் காத்தவர். அந்த அறைக்கு ஒரே சாவி. அது அவர் இடுப்பில். மானேஜரே கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே வருவார். ஒருநாள் கம்பெனி எல்லாவற்றையும் கிளவுடுக்கு மாற்றியது. அறையைக் காலி செய்தார்கள். அப்புறம் அவரையும். இப்போது அங்கே கால் உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைத்திருக்கிறார்களாம். உடைந்த நாற்காலிக்குக் கொடுத்த இடத்தைத் தனக்குக் கொடுக்கவில்லையே என்று அவருக்கு ஆறவேயில்லை.

மனைவி பிசியோதெரபிஸ்ட். வீட்டின் முன்னறைதான் கிளினிக். கழுத்தும் இடுப்பும் முழங்காலும் காலையிலிருந்து வரிசையாக வரும். யார் எப்போது வர வேண்டும் என்பதெல்லாம் ஒரு தடித்த நோட்டில் இருந்தது. அவர் கண் அந்த நோட்டின்மேல் விழுந்தது.

திட்டம் இதுதான். அப்பாயிண்ட்மெண்டுகளைக் கிளவுடில் ஏற்றுவது. சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்வது. எந்த மென்பொருளும் வாரத்துக்கு ஒருமுறையாவது படுத்துக்கொள்ளும். "என்னங்க, கொஞ்சம் வாங்களேன்" என்று அவள் கூப்பிடுவாள். அவர் எழுந்து போவார். மெதுவாகத்தான் எழுந்து போவார்.

"கண்டெய்னர்ல போடப் போறேன்" என்றார்.

"எதை?"

"உன் கிளினிக்கை. கண்டெய்னர்னா டப்பா மாதிரி. மென்பொருளும் அதுக்கு வேண்டிய சாமானும் ஒரே டப்பாக்குள்ள இருக்கும். எந்த சர்வர்ல தூக்கி வச்சாலும் வேலை செய்யும்."

"என் நோட்டும் எந்த மேஜைல வச்சாலும் வேலை செய்யுது."

"உனக்குப் புரியாது."

"புரியாததைத்தானே இத்தனை வருஷமா குடும்பம்னு நடத்திட்டிருக்கேன். செய்ங்க."

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்தார். மாதவாடகைக்கு ஒரு சின்ன சர்வரை எடுத்தார். முதல் கட்டளையைத் தட்டினார். அனுமதி இல்லை என்றது. மறுபடி தட்டினார். மறுபடியும் அதே பதில். தன் அறைக்கு வெளியே மானேஜரை நிறுத்தி வைத்தவரை ஒரு வாடகை மெஷின் வாசலில் நிறுத்தி வைத்தது.

"என்ன, அதை முறைக்கிறீங்க?"

"சூடோ போட மறந்துட்டேன்."

"சூடா? எதுக்கு?"

"சூடோ. கட்டளைக்கு முன்னாடி அதைப் போட்டாத்தான் மெஷின் சொன்ன பேச்சைக் கேக்கும்."

"அடடா. சூடு போட்டா கேக்கும்னு கல்யாணமான புதுசுல எனக்கு யாரும் சொல்லலியே."

சூடோ போட்டார். கேட்டது. திரையில் கோடு கோடாக ஏதோ நகர ஆரம்பித்தது.

"இப்ப என்ன ஆகுது?"

"டப்பாவுக்கான இமேஜ் இறங்குது."

"நாலு மாசமா இறங்குது. இன்னுமா தரை தட்டல?"

சொன்ன வேகத்தில் அவளே நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவர் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவள் உள்ளே போய், எதுவும் கேட்காமல் டீ கொண்டுவந்து வைத்தாள். அது ஆறிப்போகும்வரை அவர் தொடவில்லை.

சாயங்காலத்துக்குள் இரண்டு கண்டெய்னர்கள் ஓடின. அப்பாயிண்ட்மெண்ட் இணையப் பக்கத்துக்கு ஒன்று, விவரங்களைச் சேமிக்க ஒன்று. நோட்டு அலமாரிக்குப் போனது. முதல் வாரம் அவருக்குப் பொற்காலம். பக்கம் வரவில்லை, பெயர் ஏறவில்லை, தேதி தப்பாகக் காட்டுகிறது. ஒரே வாரத்தில் ஒன்பது "என்னங்க, கொஞ்சம் வாங்களேன்". ஒன்பது முறையும் மெதுவாகத்தான் எழுந்து போனார்.

எட்டாம் நாள் அவருக்குச் சுத்தம் செய்யும் ஆசை வந்தது. சேமிப்புக் கண்டெய்னரை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டார். புதியது பளிச்சென்று ஓடியது. உள்ளே ஒன்றுமில்லை. நாற்பத்தோரு அப்பாயிண்ட்மெண்ட் காற்றோடு போயிருந்தன.

மறுநாள் ஒன்பது மணிக்கு, யாருக்கு எந்த நேரம் என்று தெரியாமல் வாசலில் ஐந்து பேர் நின்றார்கள். கழுத்துப்பட்டை போட்ட ஒருவரால் பக்கத்தில் நிற்பவரைத் திரும்பிக்கூடப் பார்க்க முடியவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே சண்டை போட்டார். அவள் மத்தியானம் சாப்பிடாமல் எல்லோரையும் பார்த்து அனுப்பினாள்.

"டப்பாவை அழிச்சா உள்ள இருக்கறதும் போயிடும். டேட்டாவை வெளியில தனியா வச்சிருக்கணும். ஒரு வரி விட்டுப்போச்சு, அவ்வளவுதான்."

"அந்த ஒரு வரிதான் அஞ்சு பேரா வாசல்ல நின்னுது."

அவர் அந்த ஒரு வரியைச் சேர்த்தார். அன்றிலிருந்து ஒரு புகாரும் வரவில்லை.

சந்தோஷப்பட வேண்டியவர் வாடிப்போனார். திரையைத் திறந்தால் இன்றைக்குப் பன்னிரண்டு பேர், நாளைக்குப் பதினாலு பேர் என்று எல்லாம் சீராக இருந்தது. "நல்லா ஓடுதா?" என்று அவராகவே போய்க் கேட்டார். "ம்" என்றாள். பதினேழு நாளில் அவருக்குக் கிடைத்தது ஆறு "ம்". ஒரு "என்னங்க" இல்லை.

திங்கட்கிழமை, காலை ஒன்பது இருபது. இரண்டு கண்டெய்னரையும் தன் கையாலேயே நிறுத்தினார். சட்டையை மாற்றிக்கொண்டார். தலை வாரினார். அவள் கூப்பிடுவாள் என்று காத்திருந்தார்.

கதவுக்கு அந்தப் பக்கம் மெஷின் ரீங்காரமிட்டது. "மூச்சை இழுங்க... விடுங்க" என்றாள். பத்து மணி. யாரோ நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். இன்னொருவர் வந்தார். பதினொரு மணி. வரவேற்பில் இருக்கும் பெண் எதற்கோ சிரித்தாள். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது அவர் ஒருவர்தான்.

பன்னிரண்டு மணிக்குப் பொறுக்காமல் வெளியே வந்தார்.

"ஏம்மா, அப்பாயிண்ட்மெண்ட் பக்கம் வருதா?"

"நல்லா வருதே சார்" என்று அந்தப் பெண் திரையைத் திருப்பிக் காட்டினாள். பதினோரு பெயர்கள் பச்சையாக மின்னின. மேலே இருந்த இணைய முகவரி அவர் போட்ட சர்வருடையது இல்லை.

அவர் அந்த முகவரியை இரண்டு முறை படித்தார். மனைவி கை கழுவிக்கொண்டிருந்த இடத்துக்குப் போனார்.

"இது யார் போட்டது?"

"தோள்பட்டைக்கு ஒருத்தி வருவாளே, சாஃப்ட்வேர்ல இருக்கா. அன்னிக்கு நின்ன அஞ்சு பேர்ல அவளும் ஒருத்தி. மறுநாள் வந்தப்ப வேற சர்வர் எடுத்துப் போட்டுக் குடுத்துட்டுப் போனா."

"எவ்வளவு நேரத்துல?"

"வலது கைக்கு மெஷின் மாட்டியிருந்தேன். சும்மா இருந்த இடது கையால தட்டினா. மெஷினைக் கழட்டறதுக்குள்ள முடிச்சுட்டா."

"அப்போ என் சர்வர்ல தினமும் வந்த பன்னிரண்டு பேர்?"

"சாயங்காலம் நான் ஏத்தி வைப்பேன். எல்லாம் எங்க சொந்தக்காரங்க பேரு. எங்கம்மாவே முழங்கால் வலின்னு மூணு தடவை வந்திருக்காங்க, நீங்க கவனிக்கல?"

"அவங்க போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆச்சே!"

"ஆமா. நீங்க பேரை எங்க பாத்தீங்க? எண்ணிக்கையைத்தானே பாத்தீங்க."

"எதுக்கு இப்படிப் பண்ணே? நேரா சொல்லியிருக்கலாமே" என்றார்.

அவள் துண்டில் கையைத் துடைத்தாள். ஒவ்வொரு விரலாக, அவரைப் பார்க்காமல்.

"ஏற்கனவே ஒரு இடத்துல நேரா சொல்லிட்டாங்க. நானும் சொல்லணுமா?"

முன்னறையில் அடுத்த நோயாளி இருமினார். அவள் துண்டை மாட்டிவிட்டு இரண்டடி நடந்தாள். பின்னால் காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினாள்.

"சட்டை மாத்தினப்பவே தெரிஞ்சுது, டப்பாவை நிறுத்திட்டீங்கன்னு. போய் அதை ஓட விடுங்க. அது நின்னா நீங்க என் பின்னாலயே சுத்துறீங்க, எனக்கு வேலை ஓட மாட்டேங்குது."