பாடி ஓகே

நீராவியை மனித குலம் இருநூறு ஆண்டுகளாக வீணடித்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். ரயில் ஓட்டினார்கள், இட்லி அவித்தார்கள். அதன் உண்மையான மகிமை வெளிப்பட, 2006-ஆம் வருடம் ஓசூரில் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி தங்கதுரை தம் காரைக் கழுவும் வரை உலகம் காத்திருக்க வேண்டியதாயிற்று.

தங்கதுரை கோவில்பட்டிக்காரர். குறையுள்ள உதிரிபாகம் எதுவும் அவர் கண்ணைத் தாண்டாது என்பது தொழிற்சாலை முழுக்கப் பிரசித்தம், பிரசித்தப்படுத்தியவரும் அவரே. பழைய கார் வாங்கியபோதும் அதே கண்ணால்தான் பரிசோதித்தார். "பெங்களூர் டாக்டர் வண்டி சார். வீடு விட்டா ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரி விட்டா வீடு" என்று தரகர் ராமப்பன் சொன்னதும் 'பாஸ்' போட்டு ஓட்டி வந்துவிட்டார்.

மகள் தர்ஷினியைப் பெண் பார்க்க ஞாயிற்றுக்கிழமை சூளகிரியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. இந்த இடமாவது கூடிவர வேண்டுமே என்று மனைவி ராஜலட்சுமி வேண்டாத தெய்வமில்லை. தங்கதுரை காரை நம்பினார். "எங்ககிட்ட ஒளிவு மறைவே கிடையாது. டாக்டர் வண்டி, ஒரே ஓனர்" என்று போனிலேயே சொல்லி வைத்திருந்தார்.

ஆகவே சனிக்கிழமை, தொழிற்சாலையில் எண்ணெய்ப் பிசுக்கு எடுக்கும் ஸ்டீம் கிளீனரை 'சோதனைக்காக' வீட்டுக்கு வரவழைத்தார். சோப்பு வேண்டாம், தேய்க்க வேண்டாம். குழாயைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தால் போதும். தரம் முக்கியம் என்பதால் தங்கதுரை ஒட்டிப் பிடித்தார்.

சீட்டிலிருந்த காபிக் கறை போயிற்று. சக்கரத்துச் சேறு போயிற்று. பின்கதவில் பெயின்ட்டும் போயிற்று. உரிந்த வெள்ளைக்கு அடியில் ஒரு மஞ்சள் பட்டை, அதில் கன்னட எழுத்து.

கன்னடம் படிக்கத் தெரியாத தங்கதுரைக்குப் புல்லரித்துவிட்டது. "ராஜி, இங்க வா. டாக்டர் பேரு தெரியுது பாரு."

எதிர்வீட்டு கெம்பம்மா எட்டிப் பார்த்துப் படித்தாள். "பாடிகெ அண்ணா."

"ஆமாம்மா, பாடி ஓகே. இஞ்சினும் ஓகே."

"அது இல்லண்ணா. பாடிகென்னா வாடகை. இது வாடகை வண்டி."

ராஜலட்சுமி குனிந்து அந்தப் பட்டையைப் பார்த்தாள். "ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கும்ங்க. ஊர்ல இருக்கிற நோயாளியெல்லாம் ஏத்திக்கிட்டு." பிறகு குரல் உடைந்தது. "ஒளிவு மறைவு இல்லேன்னு சொல்லி வச்சிருக்கீங்களே. இதுவும் தட்டிப்போச்சுன்னா எம்பொண்ணு மூஞ்சிய நான் எப்படிப் பார்ப்பேன்?"

தங்கதுரை அசரவில்லை. அனுபவம் என்று ஒன்று இருக்கிறதல்லவா. "பதறாதே. இதுக்குன்னு ஒரு முறை இருக்கு" என்றபடி அலுவலகப் பையைத் திறந்து, 'தரமே எங்கள் தாரக மந்திரம்' என்று அச்சடித்த நீளமான ஸ்டிக்கரை எடுத்தார். மஞ்சள் பட்டை மேல் வைத்து நீவி ஒட்டினார்.

"கம்பெனியிலயும் இதத்தான் செய்வீங்களா?"

"அங்க இதவிடப் பெரிய ஸ்டிக்கர்."

ஞாயிறன்று எல்லாம் நல்லபடியாக நடந்தது. பஜ்ஜி தீர்ந்தது. பையனின் அப்பா முனிவேல், வேறொரு தொழிற்சாலையில் சரக்கு அனுப்பும் பிரிவில் இருப்பவர். "பையனுக்கு ஒரு கெட்ட பழக்கம் கிடையாதுங்க. நம்மகிட்டயும் ஒளிவு மறைவே இல்ல" என்றார். பெண் பிடித்திருக்கிறது என்றும் சொன்னார். ராஜலட்சுமி உள்ளே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கிளம்பும்போது முனிவேல் காரைச் சுற்றி வந்தார். ஸ்டிக்கரின் ஓரத்தைக் கட்டை விரலால் தடவினார். முகம் மலர்ந்துவிட்டது.

"நீங்களும் இப்படித்தானா சம்பந்தி? எங்க கம்பெனியிலயும் அடிபட்ட எடமாப் பார்த்துத்தான் ஒட்டுவோம். ரெண்டு குடும்பமும் ஒரே தரம்."

தங்கதுரையும் சிரித்தார். சிரித்துக்கொண்டே மாப்பிள்ளையைப் பார்த்தார். படிய வாரிய தலை, நெற்றி நிறைய விபூதி, வந்ததிலிருந்து மாறாத ஒரே புன்னகை. ஓரம்கூடத் தூக்காமல், நீவி ஒட்டினாற்போல் இருந்தது.

வேலைக்குச் சேர்ந்த நாள்முதல் எதையும் நிஜமாகப் பரிசோதித்திராத தங்கதுரைக்கு, முதல் முறையாக ஒன்றைப் பரிசோதித்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

நல்லவேளை, ஸ்டீம் கிளீனரை இன்னும் திருப்பி அனுப்பவில்லை.