வேலூர் பேகம் கடல் பார்த்தது

ஜட்காக்கார அக்பர் பாஷா ஒருநாள் தன் குதிரையின் நெற்றியில் கை வைத்துச் சத்தியம் செய்தார். வீட்டுக்குள் முணுமுணுத்த சத்தியம் அல்ல. லஸ் மூலை வண்டி ஸ்டாண்டில் அத்தனை ஜட்காக்காரர்களும் பீடியை அணைத்துவிட்டு நின்று கேட்ட சத்தியம்.

"இந்த வண்டி பொழைப்புக்கு. என் வூட்டு ஜனம் இதுல ஏறாது. அப்படி நான் ஏத்தினேன்னா, அன்னிக்கே இந்தச் சவுக்கைக் கீழ வெச்சிடறேன்!"

எல்லாரும் கை தட்டினார்கள். காரணம் வடிவேலு. அவரும் ஜட்காக்காரர்தான். போன பங்குனியில், பாவம், பெண்டாட்டியைத் தன் ஜட்காவிலேயே ஏற்றிக்கொண்டு அறுபத்துமூவர் உற்சவம் பார்க்கப் போனார். அந்த அம்மாளுக்கு ஜட்கா பிடித்துப் போய்விட்டது. மந்தைவெளியில் தங்கை வீட்டுக்கு ஜட்கா. சைதாப்பேட்டைச் சந்தைக்கு ஜட்கா. கடைசியில் பக்கத்துத் தெருவில் தயிர் வாங்கக்கூட ஜட்கா. வழியில் யாராவது சவாரிக்குக் கை காட்டினால், உள்ளேயிருந்து வடிவேலுவின் மாமியார், "இடமில்லை, போய்ட்டு வா" என்று கையை ஆட்டினாள்.

அக்பர் பாஷா அப்படி மாட்டிக்கொள்கிற ஆளா? அவர் கெட்டிக்காரர். அதை அவரே சொல்லுவார்.

அவருக்கு இரண்டு விஷயத்தில் நல்ல பெயர். வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்குப் பட்டணம் காட்டுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஒன்றைப் பார்த்தால் ஒன்பது சொல்லுவார். அதில் எட்டு அப்போதுதான் பிறந்திருக்கும். இரண்டாவது, கோஷா சவாரி. முகம் காட்டாத முஸ்லிம் குடும்பத்துப் பெண்கள் நம்பி ஏறுகிற வண்டி அவருடையது. வண்டிக்கு முன்னும் பின்னும் திரை கட்டிவிடுவார். அம்மாமார் ஏறும்போதும் இறங்கும்போதும் குதிரையின் தலைமாட்டில் போய் நின்றுகொண்டு தரையைப் பார்ப்பார். வண்டி அசைவதை வைத்துத்தான் ஆள் ஏறியாயிற்று என்று தெரிந்துகொள்வார். மழை கொட்டினாலும் திரும்பமாட்டார். இடி விழுந்தாலும் திரும்பமாட்டார்.

இவ்வளவு பேருக்குப் பட்டணம் காட்டிய மனிதரின் மனைவி ஜைதூன் பீ பட்டணம் பார்த்ததில்லை. ஆற்காட்டிலிருந்து கல்யாணமாகி மீர்சாகிப்பேட்டைச் சந்துக்குள் நுழைந்தவள்தான். தெரு அடங்கிய நேரத்தில் படுத்திருந்தால் கடலின் இரைச்சல் காதில் விழும். கேட்டிருக்கிறாளே தவிர, கண்ணால் பார்த்ததில்லை. அந்த ஒரு ஆசை அவளுக்குத் தொண்டையில் முள்ளாக நின்றது.

"ஏங்க, அந்தக் கடலைத்தான் ஒருவாட்டி காட்டுங்களேன்."

"கடல்ல இன்னா கீது? தண்ணி கீது. நம்ம கெணத்துல இல்லாத தண்ணியா?"

"அடையாத்துல பெரிய ஆலமரம் கீதாமே?"

"மரம்னா மரந்தான். கொல்லையில முருங்கை மரம் நிக்குதில்ல? கிட்டப் போய் நின்னு பாரு, பெருசாத் தெரியும்."

"கண்ணாடிப் பொட்டியில மீனெல்லாம் நீஞ்சுதாமே, கடற்கரையில?"

"சட்டியில நீஞ்சற மீனு போதாதா உனக்கு?"

"ஊர்ல கீறவங்களுக்கெல்லாம் காட்டறீங்களே!"

"அவங்க வெளியூரு. நீ உள்ளூரு. உள்ளூர்க்காரங்க எவனாவது ஊரைச் சுத்திப் பாப்பானா? கொள்ளு வெந்துடுச்சா பாரு, சுல்தான் பசியா இருப்பான்."

சுல்தான் என்பது குதிரை. ஜைதூன் பீ எழுந்து போய்க் கொள்ளைக் கிளறினாள். அதற்கப்புறம் அவள் கடலைப் பற்றிக் கேட்கவேயில்லை. புத்தியுள்ள புருஷன் இந்த இடத்தில்தான் பயப்பட வேண்டும். அக்பர் பாஷா நிம்மதியாகக் கொட்டாவி விட்டார்.

இரண்டொரு நாள் கழித்து அஸ்மத்துன்னிசா காலாம்மா ஸ்டாண்டுக்கே வந்தாள். பேட்டைக்கே காலாம்மா, அதாவது சின்னம்மா. கல்யாணப் பேச்சு பேசி முடித்துவைக்கிறவள். அவள் நுழையாத வீடில்லை.

"பாஷா, வேலூர்லேர்ந்து ஒரு பேகம் என் வூட்டுக்கு வந்துகீறாங்க. பெரிய இடம். பட்டணம் பாக்கணுமாம். கண்ணியமான வண்டிக்காரனா வேணும்னாங்க. உன் பேரைத்தான் சொன்னேன்."

அக்பர் பாஷாவுக்கு மீசை தானாக முறுக்கிக்கொண்டது. "கூட்டிக்கினு வாங்க காலாம்மா! எந்த இடம் புடிக்கும்னு அவங்களையே கேட்டுக்கறேன்."

"நல்லா கேட்டே! அன்னிய ஆம்பளைக்குக் குரல் காட்டுவாங்களா? என் காதுல சொல்லுவாங்க, நான் உனக்குச் சொல்லுவேன். கூலி உன் வூட்டுக்கே வந்து சேரும், போதுமா?"

ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்பர் பாஷா வண்டியைக் கழுவி, உள்ளே புது வைக்கோல் பரப்பி, அதன்மேல் பாய் விரித்து, பச்சைப் பட்டுத் திரை கட்டினார். வீட்டில் கேட்டதற்கு, "சும்மா ஸ்டாண்டுல நிக்கப்போறேன்" என்று சொல்லிவிட்டார். ஜைதூன் பீ, "வெயில்ல நிக்காதீங்க" என்று மட்டும் சொன்னாள்.

காலாம்மா வீட்டு வாசலில் வழக்கப்படி குதிரையின் தலைமாட்டில் நின்று தரையைப் பார்த்தார். வண்டி ஒருமுறை அசைந்தது, அது காலாம்மா. இன்னொருமுறை அசைந்தது, அது பேகம். உடனே சுல்தான் கழுத்தை முழுசாகத் திருப்பி, திரைப்பக்கம் பார்த்துச் சந்தோஷமாகக் கனைத்தது. கடிவாளத்தைப் பிடித்து இழுத்தும் கேட்கவில்லை.

"பாத்தீங்களா காலாம்மா! பெரிய இடம்னா குதிரைக்குக்கூட தெரியுது!"

திரைக்குள்ளே காலாம்மாவுக்கு இருமல் வந்தது.

மீன் காட்சிசாலையை முடித்துக்கொண்டு வண்டி மணலோரம் வந்து நின்றது. கூட்டமில்லாத இடம். பெண்கள் இறங்கினார்கள். அக்பர் பாஷா கடலுக்கு முதுகைக் காட்டி, குதிரையின் காதைப் பார்த்தபடி ஆரம்பித்தார்.

"பேகம் சாஹிபா, இதான் சமுத்திரம். இதுக்கு மேல அல்லா ஒண்ணும் பெருசாப் படைக்கல. கப்பல்ல வர்ற தொரைங்களே இதைப் பாத்தா தொப்பியைக் கழட்டிடுவாங்க. கண்ணைக் கொஞ்சம் இடுக்கிப் பாருங்க. அந்தாண்ட கறுப்பாத் தெரியுதே, அது ரங்கூன்."

குசுகுசுவென்று பேச்சு கேட்டது. காலாம்மா சொன்னாள்: "பேகம் கேக்கறாங்க, கெணத்துத் தண்ணிக்கும் இதுக்கும் இன்னா வித்தியாசம்னு."

"தோபா, தோபா! கெணத்தையும் கடலையும் ஒண்ணா வெச்சிப் பேசினவன் எவன்?"

"எவனோ ஒருத்தன் பேகத்துக்கிட்ட அப்படிச் சொன்னானாம்."

"அவன் கண்ணுல கொள்ளிக்கட்டையை வைக்க! கடலோட அருமை தெரியாத கழுதை! அவனை மட்டும் நான் பாத்தேன், சவுக்காலயே நாலு போடுவேன்!"

அப்போது ஓர் அலை வந்து காலை நனைத்திருக்க வேண்டும். பேகம் சிரித்துவிட்டாள். வாயைப் பொத்தியும் அடங்காத, குழந்தைச் சிரிப்பு. அக்பர் பாஷாவுக்கு என்னவோ செய்தது. கல்யாணமான புதுசில் தன் வீட்டிலும் இப்படி ஒரு சிரிப்பு கேட்டதாக ஞாபகம். கடலை முதல் தடவை பார்க்கிறவர்கள் எல்லாரும் ஒரே மாதிரித்தான் சிரிப்பார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். ஆனாலும் திரும்பவில்லை. கண்ணியமென்றால் கண்ணியம்.

சாந்தோம் கோயிலைத் தாண்டும்போது மீன்காரி தேசம்மா கூடையோடு எதிரே வந்தாள். மீர்சாகிப்பேட்டை வீடுகளுக்கெல்லாம் அவள்தான் வாடிக்கை. காலாம்மா வண்டியை நிறுத்தச் சொன்னாள். தேசம்மா திரையருகே போய்க் கூடையை இறக்கினாள். திரையிடுக்கில் ஒரு கை வளையலோடு நீண்டு, ஒரு வஞ்சிரத்தைத் தொட்டுக் காட்டியது. தேசம்மா அந்தக் கையைப் பார்த்தாள். அக்பர் பாஷாவைப் பார்த்தாள். மறுபடியும் கையைப் பார்த்தாள்.

"ஏம்மே, நீ..." என்று ஆரம்பித்தவள், திரைக்குள்ளிருந்து வந்த கை நறுக்கென்று கிள்ளியதும் "ஐயோ" என்று கையை உதறிக்கொண்டாள். பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"இன்னா தேசம்மா, மரியாதை வேணாம்? வேலூர் பேகம்!"

"ஆமா நைனா, நல்ல பேகம்! ஜாக்கிரதையாக் கூட்டிக்கினு போ, வூட்ல வெச்சிக் காப்பாத்து!" என்று சொல்லி, சிரித்துக்கொண்டே போய்விட்டாள். ஊர் சுற்றிப் பார்க்க வந்த பேகத்துக்குப் பச்சை மீன் எதற்கு என்று அக்பர் பாஷா யோசித்தார். பெரிய இடத்துச் சங்கதி என்று விட்டுவிட்டார்.

அடையாற்றுப் பாலத்தைக் கடந்து ஆலமரத்தடிக்கு வந்ததும் அவருக்கு உற்சாகம் கரைபுரண்டது.

"ஒரு பட்டாளமே இந்த நெழல்ல படுத்துத் தூங்கிச்சி பேகம் சாஹிபா. எழுந்திரிச்சிப் பாத்தா, விழுதெல்லாம் எறங்கி நாலு சிப்பாயைத் தூக்கிக்கினு போயிடுச்சி!"

"பேகம் கேக்கறாங்க, முருங்கை மரத்தைவிடப் பெருசான்னு."

"முருங்கையா? வேலூர்ல இன்னா இப்படியெல்லாம் கேக்கறாங்க!"

நிழல் குளுகுளுவென்றிருந்தது. சுல்தான் புல்லைக் கடித்துக்கொண்டிருந்தது. மறுபடியும் குசுகுசுப்பு. காலாம்மாவின் குரல் இப்போது கொஞ்சம் மெதுவாக வந்தது.

"பாஷா, பேகம் கேக்கறாங்க. இவ்ளோ அழகாக் காட்டறியே, உன் சம்சாரத்துக்குக் காட்டினியா?"

"அவளா? அவளுக்கு இதுலெல்லாம் ஆசையே இல்ல" என்று சட்டென்று சொல்லிவிட்டார். சொன்னது நாக்கிலேயே கசந்தது. குதிரையின் பிடரியைக் கோதிவிட்டார்.

"இல்ல காலாம்மா. பொய் சொல்லிட்டேன். அவளுக்கு ஆசை கீது. நான்தான் ஸ்டாண்டுல சத்தியம் பண்ணித் தொலைச்சிட்டேன். போன மழைக்காலத்துல இந்த சுல்தானுக்கு வயித்து வலி கண்டுச்சி. நான் தலையில கையை வெச்சிக்கினு உக்காந்துட்டேன். அவதான் ஓமம் இடிச்சி, கஷாயம் வெச்சி, மூங்கிக் கொழாயால அது வாயில ஊத்தினா. படுக்கவுட்டா செத்துடும்னு மழையில நனைஞ்சிக்கினே நடக்க வெச்சா. இன்னிக்கி இது நாலு கால்ல நிக்குதுன்னா அவ புண்ணியம். நான் ரெண்டு கால்ல நிக்கறதும் அவ புண்ணியந்தான். அல்லா எனக்குக் குடுத்ததுல நல்ல பொருள் அவ ஒருத்திதான்."

"இதை அவகிட்ட சொல்லிகீறியா?"

"சொல்லுவேனா? சொன்னா அப்பறம் யாரு அடக்கறது?"

திரைப்பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"பேகத்துக்கு ஜலதோஷமா காலாம்மா?"

"கடல் காத்து ஒத்துக்கல" என்றாள் காலாம்மா. அவள் குரலும் சரியாக இல்லை. "பாஷா, அடுத்த ஞாயித்துக்கிழமை உயிர்க் காலேஜு, செத்த காலேஜு ரெண்டும் காட்டுவியான்னு கேக்கறாங்க."

உயிருள்ள மிருகங்கள் இருப்பது உயிர்க் காலேஜு. பஞ்சடைத்த மிருகங்கள் இருப்பது செத்த காலேஜு. பட்டணம் பார்க்க வருகிறவர்கள் இரண்டையும் பார்க்காமல் ஊருக்குத் திரும்பமாட்டார்கள்.

"காட்டறேன்! சுல்தான் மேல சத்தியம்!" என்றார் அக்பர் பாஷா.

பேகத்தைக் காலாம்மா வாசலில் இறக்கிவிட்டு, ஸ்டாண்டில் டீ குடித்து, வடிவேலுவிடம் பேகத்தின் பெருமையை அளந்துவிட்டு வீடு திரும்பும்போது வெயில் தாழ்ந்திருந்தது. சந்து முனையிலேயே மீன் வறுவல் மணம் தூக்கியது. ஜைதூன் பீ சுல்தானுக்கு வெல்லம் கொடுத்துவிட்டு, புருஷன் முன்னால் தட்டை வைத்தாள். தட்டில் பெரிய வஞ்சிரத் துண்டு.

"இன்னிக்கி இன்னா சவாரி?"

"ஒண்ணுமில்ல. ஸ்டாண்டை வுட்டு நகரல. வஞ்சிரம் ஏது?"

"தேசம்மா குடுத்தா."

"அவ இந்தப் பக்கமே வரலியே! காலையில சாந்தோம்ல இல்ல..." அக்பர் பாஷா நிறுத்திக்கொண்டார்.

"ஸ்டாண்டை வுட்டு நகராதவருக்கு சாந்தோம் எப்படித் தெரிஞ்சுது?" என்றாள் ஜைதூன் பீ. "சாப்பிடுங்க. வேலூர் பேகம் குடுத்தனுப்பின கூலி. ரங்கூன் எனக்குச் சரியாத் தெரியலீங்க. ஆனா கடல் தெரிஞ்சுது."

வாயில் வைத்த துண்டு அங்கேயே நின்றது. கிணறு, முருங்கை மரம், கனைப்பு, சிரிப்பு, ஜலதோஷம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து அவர் தலையில் குட்டின. ஜைதூன் பீ எதிரே உட்கார்ந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"இவ்ளோ நாளா காதால மட்டும் கேட்டுக்கினு கெடந்தேன். இன்னிக்கிக் கால்ல நனைச்சிட்டேன். நீங்க நல்லா இருக்கணும். மரத்தடியில சொன்னீங்களே, அது எனக்கு இந்த ஆயுசுக்குப் போதும்."

அக்பர் பாஷாவுக்கும் நெஞ்சு நிறைந்துதான் போயிற்று. அவள் முகத்தை இப்படிப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று! ஆண்டவனே, ஒரு கடலுக்கா இத்தனை நாள் கஞ்சத்தனம் பண்ணினேன் என்று மனசுக்குள் நன்றியும் வெட்கமுமாகப் பொங்கியது. அத்துடன் நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவர் கெட்டிக்காரர் ஆயிற்றே!

"எனக்கு அப்பவே தெரியும்!" என்றார் மீசையைத் தடவிக்கொண்டு. "நீதான்னு தெரிஞ்சிதான் கூட்டிக்கினு போனேன். சும்மா நடிச்சேன்."

"அப்படியா?" ஜைதூன் பீ கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினாள். "அப்போ தெரிஞ்சேதான் வூட்டு ஜனத்தை ஏத்தியிருக்கீங்க. ஸ்டாண்டு மொத்தமும் கேட்ட சத்தியமாச்சே. சவுக்கை இப்படிக் குடுங்க."

"இல்ல, இல்ல! தெரியாது! சத்தியமாத் தெரியாது!"

"அப்போ பொண்டாட்டி யாருன்னே தெரியாம வேலூர் பேகம்னு நாள் பூரா சலாம் போட்டீங்கன்னு காலாம்மாவை வுட்டு ஸ்டாண்டுல சொல்லச் சொல்லட்டுமா?"

அக்பர் பாஷா வாசலைப் பார்த்தார். சுல்தான் வெல்லத்தைச் சப்பிக்கொண்டு ஜைதூன் பீயையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பக்கமும் ஆதரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பச்சைப் பட்டுத் திரை கட்டிய ஜட்கா லஸ் மூலை ஸ்டாண்டைத் தாண்டி உயிர்க் காலேஜு பக்கம் போயிற்று. உள்ளே வேலூர் பேகம் என்று வண்டிக்காரர்கள் மரியாதையாக எழுந்து வழிவிட்டார்கள். அக்பர் பாஷா கடிவாளத்தை மட்டும் பிடித்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருந்தார். சவுக்கு திரைக்கு உள்ளே இருந்தது.